தீக்காயம்: வீட்டில் எப்படிப் பார்த்துக்கொள்வது? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கொதிநீர் கொட்டிவிட்டது, எண்ணெய் தெறித்துவிட்டது, சூடான பாத்திரத்தைத் தெரியாமல் தொட்டுவிட்டோம். வீட்டில் சூடு படுவது பெரும்பாலும் இப்படித்தான். அந்த நேரத்துப் பதற்றத்தில் ஆளுக்கொரு வைத்தியம் சொல்வார்கள். எதைச் செய்யலாம், எதைச் செய்யவே கூடாது, எப்போது மருத்துவமனைக்குக் கிளம்ப வேண்டும் என்பதைக் கேள்வி பதிலாக எழுதியிருக்கிறேன். சூடு இப்போதுதான் பட்டிருக்கிறது என்றால், காயத்தைக் குழாய்த் தண்ணீரில் காட்டிக்கொண்டே படியுங்கள்.

சூடு பட்டவுடன் முதலில் என்ன செய்ய வேண்டும்?

முதலில் ஆளைச் சூட்டிலிருந்து விலக்குங்கள். உடையில் தீப்பிடித்திருந்தால் ஓடக் கூடாது, ஓடினால் தீ இன்னும் வளரும். அங்கேயே நின்று, தரையில் படுத்து, உருள வேண்டும். கைகளால் முகத்தை மூடிக்கொள்ள வேண்டும். பக்கத்தில் இருப்பவர்கள் கனமான பருத்தித் துணியோ கம்பளியோ போர்த்தித் தீயை அணைக்கலாம்.

அடுத்தது தண்ணீர். குழாயைத் திறந்து, ஓடும் தண்ணீரில் காயத்தை 20 நிமிடம் காட்டுங்கள். கடிகாரத்தைப் பார்த்து 20 நிமிடம். தண்ணீர் விட வேண்டும் என்பது பலருக்கும் தெரியும். ஆனால் எரிச்சல் கொஞ்சம் தணிந்ததுமே, இரண்டு நிமிடத்தில், கையை எடுத்துவிடுகிறார்கள். இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு விஷயம்தான் உங்கள் மனதில் நிற்கும் என்றால், அது இந்த 20 நிமிடமாக இருக்கட்டும். பிறகு போடும் எந்தக் களிம்பும் இதற்கு ஈடாகாது.

தண்ணீர் சாதாரணக் குளிர்ச்சியில் இருந்தால் போதும். காயத்தின் மேல் வேகமாகப் பீய்ச்ச வேண்டாம், மெதுவாக வழிந்து ஓடட்டும்.

சூடான பொருளைத்தான் எடுத்தாயிற்றே, அப்புறம் எதற்கு அவ்வளவு நேரம்?

அடுப்பை அணைத்த பிறகும் பாத்திரத்தின் அடியில் சூடு நிற்பது போல, தோலுக்குள் இறங்கிய சூடும் உடனே போய்விடாது. உள்ளே இருந்துகொண்டு சேதத்தைக் கூட்டிக்கொண்டே இருக்கும்.

தீக்காயத்தை மருத்துவர்கள் மூன்று வளையங்களாகப் பார்ப்பார்கள். நடுவில், சூடு நேராகத் தாக்கிய இடத்தில் திசு செத்திருக்கும், அதை மீட்க முடியாது. வெளி வளையம் வெறுமனே சிவந்திருக்கும், தானாகவே சரியாகிவிடும். இவை இரண்டுக்கும் இடையே ஒரு வளையம் இருக்கிறது. அங்கே ரத்த ஓட்டம் தடுமாறிக்கொண்டிருக்கும். கவனித்தால் பிழைக்கும், விட்டால் இரண்டு மூன்று நாளில் அதுவும் செத்துக் காயம் ஆழமாகிவிடும். அந்த 20 நிமிடத் தண்ணீர் காப்பாற்றுவது இந்த இடை வளையத்தைத்தான். வலி குறைவது கூடவே கிடைக்கும் நன்மை.

காயம்பட்டு ஒரு மணி நேரம் ஆகிவிட்டது. இனித் தண்ணீர் விட்டுப் பயன் உண்டா?

உண்டு. 3 மணி நேரம் வரை பலன் தரும். முன்கூட்டியே செய்திருந்தால் இன்னும் நல்லது, அவ்வளவுதான். "லேட் ஆகிவிட்டது" என்று விட்டுவிடாதீர்கள்.

ஓடும் தண்ணீர் இல்லையென்றால்?

சுத்தமான துணியைத் தண்ணீரில் நனைத்துக் காயத்தின் மேல் போடுங்கள். அது சூடாகிக்கொண்டே வரும், அதனால் ஓரிரு நிமிடத்துக்கு ஒருமுறை மறுபடி நனைத்து மாற்றிக்கொண்டே இருங்கள். குழாய்க்கு இணையாகாது, ஆனால் சும்மா இருப்பதற்கு எவ்வளவோ மேல்.

ஐஸ் வைத்தால் சீக்கிரம் ஆறாதா?

வேண்டாம். ஐஸ் பட்டால் ரத்தக் குழாய்கள் சுருங்கிவிடும். ஏற்கெனவே ரத்த ஓட்டம் தடுமாறும் இடத்தில் அது சேதத்தை அதிகமாக்கும். உணர்ச்சி மரத்த தோலில் ஐஸே தனியாக ஒரு காயத்தை உண்டாக்கிவிடும்.

குளிர்ச்சியைப் பற்றி இன்னொன்று. கைக்குழந்தைக்கோ முதியவருக்கோ உடம்பில் பெரிய இடத்தில் சூடு பட்டிருந்தால், தண்ணீர் விடும்போது உடம்பே சில்லிட்டுப் போகலாம். காயத்தில் மட்டும் தண்ணீர் விட்டு, மற்ற பாகத்தைப் போர்வையால் மூடி வையுங்கள். நடுக்கம் வந்தால் நிறுத்திவிட்டு மருத்துவமனைக்குக் கிளம்புங்கள்.

துணி, மோதிரம், வளையல் எல்லாவற்றையும் கழற்ற வேண்டுமா?

ஆம், உடனே. நனைந்த சூடான துணி உடம்போடு ஒட்டிக்கொண்டு சூட்டைப் பிடித்து வைத்திருக்கும். குழந்தை போட்டிருக்கும் டயப்பரையும் மறக்காதீர்கள், அது சூடான நீரை உறிஞ்சி வைத்துக்கொள்ளும். ஆனால் உருகியோ காய்ந்தோ தோலோடு ஒட்டிப்போன துணியைப் பிய்க்கக் கூடாது. சுற்றியுள்ள பகுதியை மட்டும் கத்தரித்துவிட்டு, ஒட்டியதை அப்படியே விடுங்கள், மருத்துவர் எடுப்பார்.

மோதிரம், வளையல், கடிகாரம், கொலுசு எதுவாக இருந்தாலும் வீக்கம் வருவதற்குள் கழற்றிவிடுங்கள். வீங்கிய விரலில் மோதிரம் இறுகினால் விரலுக்கு ரத்தம் போகாது. பிறகு வெட்டித்தான் எடுக்க வேண்டியிருக்கும்.

பற்பசை, வெண்ணெய், முட்டை வெள்ளைக்கரு, மாவு, மை... இவற்றில் எதையாவது தடவலாமா?

எதையும் தடவாதீர்கள். பற்பசை சில்லென்று இருப்பது அதிலுள்ள புதினா வாசப் பொருளால்தான், சூடு இறங்குவதால் அல்ல. எண்ணெயும் வெண்ணெயும் சூட்டை வெளியேற விடாமல் மூடிவிடும். பச்சை முட்டையில் கிருமி இருக்கலாம். மை பூசினால் அடியில் தோல் என்ன நிறத்தில் இருக்கிறது என்றே தெரியாது, மருத்துவரால் ஆழத்தைக் கணிக்க முடியாது. இவற்றையெல்லாம் பிறகு தேய்த்துக் கழுவித்தான் எடுக்க வேண்டும். வெந்த தோலில் தேய்ப்பது எவ்வளவு வலிக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

அன்போடு ஓடிவந்து தடவுகிறவர்களைத் தடுப்பது சங்கடம்தான். அவர்களைத் தண்ணீர் ஊற்றச் சொல்லுங்கள். உதவிய திருப்தி அவர்களுக்கும் இருக்கும், காயத்துக்கும் நல்லது.

தேன் பற்றிக் கேட்கிறார்கள். கிருமி நீக்கிய மருத்துவத் தேன் பூசிய கட்டுகள் சில காயங்களுக்கு உதவுகின்றன என்பது உண்மை. சமையலறையில் திறந்து வைத்திருக்கும் தேன் அதுவல்ல.

எதை வீட்டிலேயே பார்த்துக்கொள்ளலாம், எதற்கு மருத்துவமனை போக வேண்டும்?

ஆழம், அளவு, இடம், காரணம், ஆள் என்று ஐந்தையும் பார்க்க வேண்டும். ஐந்தில் ஒன்று இடித்தாலும் வீட்டு வைத்தியம் கூடாது.

ஆழம்: தோல் சிவந்து, வலித்து, கொப்புளம் இல்லாமல் இருந்தால் மேலோட்டமான காயம். ஒரு வாரத்தில் சரியாகிவிடும். கொப்புளம் வந்து, அடியில் ஈரமாக, இளஞ்சிவப்பாக, தொட்டால் உயிர்போகிற வலியோடு இருந்தால் அடுத்த நிலை. இதில் சிறியவற்றை வீட்டில் பார்த்துக்கொள்ளலாம், இரண்டு வாரத்துக்குள் ஆறும். திட்டுத்திட்டாக வெளுத்தும் சிவந்தும் இருந்தால், அல்லது வெள்ளையாக, பழுப்பாக, கருகி, பதனிட்ட தோல்போல் விறைத்திருந்தால் ஆழமான காயம். இங்கேதான் பலரும் ஏமாறுகிறார்கள். ஆழமான காயம் அதிகம் வலிக்காது, ஏனென்றால் வலியைச் சொல்லும் நரம்பு நுனிகளே வெந்துபோயிருக்கும். பார்க்க மோசமாக இருந்தும் வலி இல்லை என்றால் நிம்மதி அடையாதீர்கள், உடனே கிளம்புங்கள்.

கருத்த தோலில் சிவப்பு தெளிவாகத் தெரியாது. நிறத்தை மட்டும் நம்பாமல் கொப்புளம், ஈரம், வீக்கம், வலி எல்லாவற்றையும் சேர்த்துப் பாருங்கள். கழுவிய விரலால் காயத்தின் ஓரத்தை லேசாக அழுத்தி எடுங்கள். வெளுத்து, உடனே பழைய நிறத்துக்கு வந்தால் அங்கே ரத்த ஓட்டம் இருக்கிறது. எந்த மாற்றமும் இல்லையென்றால் ஆழம் அதிகம்.

அளவு: காயம்பட்டவரின் சொந்த உள்ளங்கை, விரல்களையும் சேர்த்து, அவர் உடல் பரப்பில் ஏறக்குறைய 1 சதவீதம். கொப்புளம் வந்த காயம் அதைவிடப் பெரிதாக இருந்தால் மருத்துவரிடம் காட்ட வேண்டும். குழந்தையின் காயத்தைக் குழந்தையின் கையால் அளக்க வேண்டும், உங்கள் கையால் அல்ல.

இடம்: முகம், கை, பாதம், பிறப்புறுப்பு, மூட்டுகள். அப்புறம், கையையோ காலையோ விரலையோ வளையமாகச் சுற்றிவந்த காயம். வீங்கும்போது அது இறுகி ரத்த ஓட்டத்தை நிறுத்திவிடும்.

காரணம்: மின்சாரம், அமிலம் போன்ற ரசாயனம், மூடிய அறைக்குள் புகை. குரல் கம்மியிருந்தாலோ, மூக்கு முடி கருகியிருந்தாலோ, இருமலில் கரி வந்தாலோ மூச்சுக்குழாய் உள்ளே வெந்திருக்கலாம். அப்போது நன்றாகப் பேசிக்கொண்டிருந்தாலும் ஆம்புலன்ஸைக் கூப்பிடுங்கள். தொண்டை வீங்குவது சில மணி நேரம் கழித்துக்கூட நடக்கும்.

ஆள்: சிறு குழந்தைகள், முதியவர்கள், கர்ப்பிணிகள், சர்க்கரை நோய் உள்ளவர்கள், நோய் எதிர்ப்புச் சக்தி குறைந்தவர்கள். சர்க்கரை நோயால் பாதத்தில் உணர்ச்சி குறைந்தவர்கள் வெந்நீரில் கால் வைத்தால் வெந்ததுகூடத் தெரியாது. அவர்கள் காலில் வரும் கொப்புளம் எவ்வளவு சிறியதாக இருந்தாலும் மருத்துவரிடம் காட்ட வேண்டும்.

கொப்புளத்தை உடைக்கலாமா?

சிறியதை உடைக்காதீர்கள். அந்த மெல்லிய தோல்தான் அடியில் இருக்கும் புண்ணுக்கு இயற்கையான மூடி. உள்ளே இருக்கும் வெளிர் மஞ்சள் நீர் சீழ் அல்ல, அதைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். பெரிதாக, விம்மி, மூட்டை மடக்கவிடாமல் நிற்கும் கொப்புளத்தை மருத்துவரோ செவிலியரோ சுத்தமான கருவியால் எடுப்பார்கள். வீட்டு ஊசி வேண்டாம். தானாக உடைந்துவிட்டால் சோப்பும் தண்ணீரும் விட்டு மென்மையாகக் கழுவி, கட்டுப் போடுங்கள்.

கட்டு எப்படிப் போடுவது, எப்படி மாற்றுவது?

தண்ணீர் விட்டு முடித்ததும், மருத்துவமனை போகும்வரை தற்காலிகமாக மூட, சமையலறையில் உணவை மூடப் பயன்படும் மெல்லிய பிளாஸ்டிக் தாள் (கிளிங் ஃபிலிம்) நன்றாக உதவும். சுருளில் முதல் சுற்றைக் கிழித்து எறிந்துவிட்டு அடுத்ததை எடுங்கள். காயத்தின் மேல் நீளவாக்கில் பரப்புங்கள், சுற்றிக் கட்டாதீர்கள். முகத்துக்கு இது கூடாது. பஞ்சு எங்கேயும் வேண்டாம், இழை ஒட்டிக்கொள்ளும்.

வீட்டில் பார்த்துக்கொள்ளக்கூடிய காயத்துக்கு: கையை நன்றாகக் கழுவிக்கொண்டு, காயத்தை மிதமான சோப்பும் தண்ணீரும் விட்டுக் கழுவுங்கள். ஒற்றி உலர்த்துங்கள், தேய்க்க வேண்டாம். அதன்மேல் ஒட்டாத வலைத்துணி வையுங்கள். பாரஃபின் தடவிய வலைத்துணி என்று கேட்டால் மருந்துக் கடையில் கிடைக்கும். இல்லையென்றால் பெட்ரோலியம் ஜெல்லி மெல்லியதாகத் தடவி மேலே மருந்துத்துணி வைக்கலாம். அதன்மேல் நீரை உறிஞ்ச ஒரு மடிப்பு, பிறகு தளர்வாகக் கட்டு. விரல்களில் காயம் என்றால் ஒவ்வொரு விரலையும் தனித்தனியாகச் சுற்ற வேண்டும். இரண்டு பச்சைப் புண்கள் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டே ஆறினால் விரல்கள் ஒட்டிப்போகும். விரல் நுனிகள் வெளியே தெரியட்டும். அவை நீலமாகவோ சில்லென்றோ மரத்தோ போனால் கட்டு இறுக்கம், உடனே தளர்த்துங்கள்.

முதல் சில நாள் நீர் நிறைய வடியும், அதனால் தினம் மாற்ற வேண்டியிருக்கும். வடிவது குறைந்ததும் இடைவெளி விடலாம். ஈரமானாலோ அழுக்கானாலோ உடனே மாற்றிவிடுங்கள்.

மாற்றும்போது ஒட்டிக்கொண்டால் வெடுக்கென்று இழுக்காதீர்கள். துணியோடு சேர்த்து வெதுவெதுப்பான தண்ணீரை ஊற்றிக் காத்திருங்கள். ஐந்து பத்து நிமிடம் ஊறினால் துணி தானே நெகிழ்ந்து, ஓரத்திலிருந்து மெதுவாகச் சுருண்டு வரும். அடியில் பளபளவென்று மெல்லிய இளஞ்சிவப்புத் தோல் ஓரங்களில் படர்ந்திருப்பது தெரிகிறதா? அதுதான் புதிதாக வளரும் தோல். அவசரப்பட்டு இழுத்தால் முதலில் கிழிவது அதுதான்.

கை கால் காயமென்றால் முதல் இரண்டு நாள் தலையணை வைத்து உயர்த்தி வையுங்கள். வீக்கமும் வலியும் நன்றாகக் குறையும்.

எந்தக் களிம்பு நல்லது?

வெள்ளைக் களிம்பான சில்வர் சல்ஃபாடயசினைத்தான் பலரும் நினைப்பார்கள். பல காலமாகப் புழங்குகிற மருந்துதான். ஆனால் சிறிய, மேலோட்டமான காயங்கள் அதனால் தாமதமாக ஆறுகின்றன என்று ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. காயத்தின் மேல் ஒரு படலம் படிந்து ஆழம் பார்ப்பதும் கடினமாகிவிடும். சல்ஃபா வகை மருந்துகளுக்கு ஒவ்வாமை உள்ளவர்கள், பிரசவம் நெருங்கும் கர்ப்பிணிகள், 2 மாதத்துக்குட்பட்ட குழந்தைகள் இவர்களுக்கு அது ஆகாது. மருத்துவர் எழுதிக் கொடுத்தால் போடுங்கள், நீங்களாக வாங்கிப் போட வேண்டாம். சிறிய சுத்தமான காயத்துக்குப் பெட்ரோலியம் ஜெல்லியே போதும். சாப்பிடும் ஆன்டிபயாடிக்கும் கிருமித்தொற்று வந்தால்தான் தேவை, முன்கூட்டியே அல்ல.

வலிக்கு என்ன மாத்திரை?

பாராசிட்டமால். பெரியவர்கள் 500 மில்லிகிராம் முதல் 1 கிராம் வரை, 4 முதல் 6 மணி நேர இடைவெளியில் எடுக்கலாம். 24 மணி நேரத்தில் 4 கிராமைத் தாண்டக் கூடாது. கல்லீரல் நோய் உள்ளவர்களும் எடை குறைந்தவர்களும் மருத்துவரைக் கேட்டுக் குறைத்துக்கொள்ள வேண்டும். குழந்தைகளுக்கு எடையைப் பொறுத்துத்தான் அளவு. 16 வயதுக்குட்பட்டவர்களுக்கு ஆஸ்பிரின் கொடுக்காதீர்கள். கட்டு மாற்றுவதற்கு அரை மணி முதல் முக்கால் மணி நேரம் முன்பே மாத்திரை போட்டுவிட்டால் மாற்றும்போது அவ்வளவு கஷ்டம் இருக்காது. குழந்தைகளுக்கு இது ரொம்ப முக்கியம். முதல் தடவை வலித்துவிட்டால் அடுத்தடுத்த முறை கட்டைப் பார்த்தாலே அழும்.

முதல் நாள் லேசாகத் தெரிந்த காயம் மூன்றாம் நாள் மோசமாகத் தெரிகிறது. தப்பாக ஏதும் செய்துவிட்டேனா?

பெரும்பாலும் இல்லை. தீக்காயத்தின் உண்மையான ஆழம் 48 முதல் 72 மணி நேரத்தில்தான் தெளிவாகும். முன்னே சொன்ன இடை வளையம் பிழைக்கிறதா இல்லையா என்பது அப்போதுதான் தெரியவரும். அதனால்தான் முதல் நாள் பார்த்த மருத்துவரே இரண்டு நாளில் மறுபடி வரச் சொல்கிறார். அந்த இரண்டாவது பார்வையைத் தவறவிடாதீர்கள். வீட்டில் பார்த்துக்கொள்ளும் காயத்தையும் அந்த நாளில் நல்ல வெளிச்சத்தில் உற்றுப் பாருங்கள். வெளுத்தோ உணர்ச்சியற்றோ தெரிந்தால் காட்டிவிடுங்கள். இரண்டு வாரமாகியும் ஆறாத எந்தக் காயத்துக்கும் தீக்காய மருத்துவரின் கருத்துத் தேவை.

கிருமித்தொற்று வந்துவிட்டதா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

குறைந்துகொண்டு வந்த வலி மறுபடி கூடுவதுதான் பெரும்பாலும் முதல் அறிகுறி. ஓரத்திலிருந்து சிவப்பு வெளிப்பக்கம் பரவுவது, சீழ், கெட்ட வாடை, காய்ச்சல் இவையும் வரலாம். சிவப்பின் எல்லையைப் பேனாவால் கோடிட்டு வையுங்கள், சில மணி நேரத்தில் கோட்டைத் தாண்டினால் சந்தேகமே வேண்டாம்.

குழந்தைகள் விஷயத்தில் ஒரு எச்சரிக்கை. காயம் சிறியதாக, பார்க்கச் சுத்தமாகவே இருக்கும். ஆனால் முதல் சில நாட்களுக்குள் திடீரென்று கடும் காய்ச்சல், உடம்பில் தடிப்பு, வாந்தி, வயிற்றுப்போக்கு, துவண்டுபோய்த் தூங்கிக்கொண்டே இருப்பது என்று வந்தால் அது பாக்டீரியா நச்சால் வரும் அதிர்ச்சி நிலையாக இருக்கலாம். அரிதுதான், ஆனால் உயிருக்கு ஆபத்து. "சாதாரணக் காய்ச்சல்" என்று ஒரு ராத்திரி காத்திருக்க வேண்டாம். போனதும், முதலில் தீக்காயம் பட்டிருக்கிறது என்பதைச் சொல்லுங்கள்.

டெட்டனஸ் ஊசி தேவையா?

தோல் உடைந்த தீக்காயத்தில் டெட்டனஸ் வர வாய்ப்புண்டு. கடைசி ஊசி போட்டு 10 ஆண்டு தாண்டியிருந்தால் போட வேண்டும். மண்ணோ அழுக்கோ பட்ட காயமென்றால் 5 ஆண்டு தாண்டியிருந்தாலே போட வேண்டும். எப்போது போட்டோம் என்று நினைவில்லையா? மருத்துவரிடம் அப்படியே சொல்லுங்கள்.

குளிக்கலாமா? சாப்பாட்டில் பத்தியம் உண்டா?

குளிக்கலாம், கட்டு மாற்றும் நேரத்தோடு வைத்துக்கொண்டால் வசதி. தொட்டியில் ஊற வேண்டாம். பத்தியம் எதுவும் இல்லை. புதுத் தோல் வளரப் புரதம் வேண்டும், நன்றாகச் சாப்பிடுங்கள், தண்ணீர் நிறையக் குடியுங்கள். புகைபிடிப்பது ஆறுவதைத் தாமதப்படுத்தும்.

மின்சாரமோ ரசாயனமோ பட்டால்?

மின்சாரம் என்றால் இணைப்பைத் துண்டிக்கும்வரை ஆளைத் தொடாதீர்கள். வெளியே சிறு புள்ளி மாதிரிதான் தெரியும், ஆனால் உள்ளே தசையும் இதயமும் பாதிக்கப்பட்டிருக்கலாம். இசிஜி எடுத்துப் பார்த்தாக வேண்டும்.

ரசாயனப் பொடியாக இருந்தால் முதலில் உதறிவிட்டு, பிறகு நிறையத் தண்ணீர் விட்டு நீண்ட நேரம் கழுவுங்கள். 20 நிமிடத்தோடு நிற்க வேண்டாம், எரிச்சல் இருக்கும்வரை தொடருங்கள். அமிலத்துக்குக் காரம், காரத்துக்கு அமிலம் என்று முறிக்க முயல வேண்டாம், அதில் கிளம்பும் சூடு இன்னும் சுடும். கண்ணில் பட்டால் இமையைப் பிரித்துப் பிடித்து, அடுத்த கண்ணுக்குள் வழியாதபடி கழுவிக்கொண்டே இருங்கள், கூடவே மருத்துவமனைக்கு ஏற்பாடு நடக்கட்டும்.

ஆறிய இடத்தில் அரிப்பு தாங்க முடியவில்லை. தழும்பு நிலைத்துவிடுமா?

அரிப்பு, ஆறும்போது வருவதுதான். சொறிந்தால் புதுத் தோல் பிய்ந்துவிடும். வாசனை சேர்க்காத மாய்ஸ்சரைசரை ஒரு நாளில் பலமுறை தடவுங்கள். தூக்கம் கெட்டால் மருத்துவர் அரிப்பு மாத்திரை தருவார். நிறம் மாறியிருந்தால் மெதுவாகத் திரும்பும், மாதக்கணக்கில் ஆகும். அதுவரை, குறைந்தது ஒரு வருடம், அந்த இடத்தில் வெயில் படாமல் துணியாலோ சன்ஸ்கிரீனாலோ காத்துக்கொள்ளுங்கள்.

இரண்டு வாரத்துக்குள் ஆறியது பெரும்பாலும் வடு விடாது. மூன்று வாரத்துக்கு மேல் இழுத்தால் தடித்த தழும்பு வர வாய்ப்பு அதிகம். அதற்குச் சிலிகான் ஜெல், மசாஜ், அழுத்த உடை எல்லாம் இருக்கின்றன, ஆரம்பத்திலேயே தொடங்கினால் பலன் கூடுதல். மூட்டிலோ விரலிலோ காயம் என்றால், ஆறிக்கொண்டிருக்கும்போதே வலியைப் பொறுத்துக்கொண்டு மடக்கி நீட்டிப் பழக வேண்டும். மடக்கியே வைத்திருந்தால் தழும்பு அந்த நிலையிலேயே சுருங்கிவிடும். முன்போல முழுதாக நீட்ட முடியவில்லை, தோல் இழுக்கிறது என்று தோன்றினால் தள்ளிப்போடாமல் பிசியோதெரபிஸ்ட்டைப் பாருங்கள். அந்தக் கட்டத்தில் பயிற்சியும், மூட்டை நீட்டிப் பிடித்து வைக்கும் ஸ்பிளின்ட்டும் போதும். விட்டுவிட்டால் பிறகு அறுவை சிகிச்சைதான் செய்ய வேண்டியிருக்கும்.